மதுரையா, தஞ்சாவூரா? கையில் இருப்பது இரண்டே நாள்

கேள்வி

சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. வருகிற மாதம் ஒரு சனி, ஞாயிறு தறியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு வெளியே போகலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு வாய்ப்பு எங்களுக்கு அடிக்கடி வராது. அதனால்தான் இவ்வளவு யோசனை.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். 'பொன்னியின் செல்வன்' படித்து முடித்ததிலிருந்து தஞ்சாவூர், தஞ்சாவூர் என்று ஒரே பிடிவாதம். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. மூட்டு வலி இருப்பதால் கொஞ்ச தூரம் நடந்தால் உட்கார வேண்டும். கல்யாணமான புதிதில் மாமாவோடு மதுரைக்குப் போய்வந்தவர், மீனாட்சியை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். தஞ்சாவூரை அவர் பார்த்ததே இல்லை. "கார் எடுத்தா சனிக்கிழமை மதுரை, ஞாயித்துக்கிழமை தஞ்சாவூர், ரெண்டையும் முடிச்சுடலாம்" என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

எனக்கு எங்கே போனாலும் சரிங்க. வீட்டு வேலை, தறி வேலை எதுவும் நினைப்பில் வராமல் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். எந்த ஊருக்குப் போகலாம்? எப்படிப் போவது? சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, சோமனூர்

பதில்

அம்மிணி, தஞ்சாவூருக்குப் போய்வாருங்கள். மதுரையை அத்தைக்காகத் தனியாக ஒரு வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் மூன்று பேருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் சொன்ன யோசனையை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 215 கிலோமீட்டர். மதுரையிலிருந்து தஞ்சாவூருக்குச் சாலையில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். தஞ்சாவூரிலிருந்து கரூர், காங்கயம், பல்லடம் வழியாக ஊர் திரும்ப 270 கிலோமீட்டர் வாக்கில். இது சாலைக் கணக்கு. இதைவிட முக்கியம் கோயில் நடைக் கணக்கு. இரண்டு ஊரிலும் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பினாலும் மதுரையில் வண்டியை நிறுத்தி வரிசைக்கு வரும்போது பத்து, பத்தரை ஆகியிருக்கும். வார இறுதி வரிசை நகர்வதற்குள் நடை சாத்தும் நேரம் வந்துவிடும். சாயங்காலம் மறுபடி போய்த் தரிசனம் முடித்தால் ராத்திரி. ஞாயிறு விடிந்ததும் தஞ்சாவூருக்குக் கிளம்பினால் அங்கேயும் இதே கதைதான். இரண்டு நாளில் பெரும்பகுதியைக் காருக்குள்ளேயே கழித்துவிட்டு, இரண்டு கோயில்களின் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள். மூட்டு வலிக்காரருக்கு அது தண்டனை. இந்த யோசனை வேண்டாம்.

அப்படியானால் ஏதாவது ஒன்றுதான். மதுரை பக்கம், தஞ்சாவூர் தூரம். தூரத்தை வைத்துப் பார்த்தால் மதுரைதான் வர வேண்டும். நான் தஞ்சாவூரைச் சொல்வதற்குக் காரணம், இரண்டு ஊரும் நம்மிடம் கேட்பது வேறு வேறு. மதுரை உங்கள் கால்களைக் கேட்கும். தஞ்சாவூர் உங்கள் கண்களைக் கேட்கும்.

மதுரையை மீனாட்சியம்மன் கோயிலோடு மட்டும் பார்த்துவிட்டு வர முடியாது. கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக வளர்ந்த ஊர் அது. எந்தத் தெருவில் எந்த வியாபாரம், எந்த வாசலில் எந்தப் பூக்கடை என்று நடந்து பார்க்கும்போதுதான் மதுரை பிடிபடும். அதிலும் ராத்திரியில் பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் சுந்தரேசுவரரின் திருவடிகளைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, மேளம் முழங்க அம்மனின் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். தினமும் நடப்பது அது. அதைப் பார்க்காமல் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்காது. ஆனால் அதற்குப் பகலெல்லாம் ஓய்வெடுத்த உடம்பு வேண்டும், கூட்டம் குறைந்த நாள் வேண்டும். சனி, ஞாயிறில் இரண்டும் கிடைக்காது. 2018 பிப்ரவரியில் கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு கைபேசியை உள்ளே விடுவதில்லை. அத்தை ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார், நீங்கள் வேறு பக்கம் போய்விட்டீர்கள் என்றால் அந்தக் கூட்டத்தில் ஒருவரையொருவர் தேடுவதே பெரும்பாடு.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் அப்படியில்லை. கேரளாந்தகன் வாயிலையும் இராசராசன் வாயிலையும் தாண்டி உள்ளே வந்ததும் கண்ணுக்கு எட்டிய மட்டும் திறந்த முற்றம். நடுவில் இருநூறு அடிக்கு மேல் எழுந்து நிற்கிற விமானம். சுற்றிலும் நீளமான திருச்சுற்று மாளிகை, அதாவது தூண்கள் வைத்த திண்ணை மாதிரியான தாழ்வாரம். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். எங்கே உட்கார்ந்தாலும் விமானம் தெரியும். நடந்துகொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. அத்தை நந்தி மண்டபத்துப் பக்கம் உட்கார்ந்திருக்க, நீங்கள் முற்றத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தாலும் ஒருவர் கண்ணில் ஒருவர் படுவீர்கள். நீங்கள் கேட்ட அந்த 'சும்மா உட்காருவது' இருக்கிறதே, தமிழ்நாட்டில் அதற்கு இதைவிடப் பெரிய இடம் எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் அதைக் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன்.

இனி மகள். கல்கி 'பொன்னியின் செல்வன்' கதையை 1950இலிருந்து 1954 வரை தொடராக எழுதினார். அருள்மொழிவர்மன் அரியணையை விட்டுக்கொடுக்கிற இடத்தோடு கதை முடிந்துவிடுகிறது. பெரிய கோயில் அதற்குப் பிறகு வந்தது. இராஜராஜனாக அவர் முடிசூடியது 985இல். கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செம்புக் கலசம் கொடுத்தது அவருடைய இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், 1010இல். கதை நின்ற இடத்திலிருந்து கல்வெட்டு தொடங்குகிறது என்று மகளிடம் சொல்லுங்கள்.

விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாக வெட்டியிருக்கும் எழுத்தை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே நில்லுங்கள். தான் கொடுத்தது, தன் அக்கா கொடுத்தது, தன் மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னார் இராஜராஜன். தனக்கு அடுத்தபடியாக அக்காவைச் சொல்கிறார். அந்த அக்காதான் குந்தவை. கதையில் வருகிற அதே இளைய பிராட்டி. அவர் கோயிலுக்குக் கொடுத்த நகைகள், பாத்திரங்கள், திருமேனிகள் எல்லாம் எடை முதற்கொண்டு எழுதப்பட்டிருக்கின்றன. தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திருவுருவம் செய்து வைத்ததையும் குந்தவை பதிவு செய்திருக்கிறார். 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்று அந்தக் கல்வெட்டில் வருகிறவர் கதையில் வரும் சுந்தர சோழர்தான். நாவலில் அந்தப் பாத்திரத்துக்காகக் கண் கலங்கிய பிள்ளைக்கு, அவருடைய மகள் அவருக்காகச் செய்ததை ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லில் காட்டுவது எவ்வளவு பெரிய விஷயம்! பள்ளிக்கூடத்துப் பாடத்தில் இது கிடைக்காது.

படிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முழுதாக முடியாது. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சில எழுத்துகள் அகப்படும். க, த, ப, ர, ட போன்றவை இன்றைய வடிவத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள், அதை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள். பல கல்வெட்டுகள் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று கிரந்த எழுத்தில் தொடங்கும். அந்தத் தொடக்கத்தை ஓரிடத்தில் கண்டுபிடித்துவிட்டால் பிறகு கண் தானாகவே அதைத் தேட ஆரம்பித்துவிடும். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவரட்டும். கல்லைத் தொடவோ, சுண்ணாம்பு தடவிப் பார்க்கவோ வேண்டாம்.

உங்களுக்கும் அந்தக் கல்வெட்டில் ஒன்று இருக்கிறது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து நானூறு பெண்களைக் கொண்டுவந்து இந்தக் கோயில் பணியில் அமர்த்தி, தெற்குத் தெரு, வடக்குத் தெரு என்று வீடு கொடுத்தார் இராஜராஜன். ஒவ்வொரு பெண்ணின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவில் எத்தனையாவது வீடு என்று எல்லாமே பதிவாகியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதோடு கணக்கர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என்று கோயிலில் வேலை செய்தவர்களுக்கும் எவ்வளவு பங்கு என்று எழுதியிருக்கிறது. ராஜாக்களின் பெயர் நிலைப்பது பெரிய காரியமில்லை. வேலை செய்து பிழைத்த நானூறு பெண்களின் பெயர் வீட்டு எண்ணோடு ஆயிரம் ஆண்டு நிலைத்திருப்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இந்தக் கல்வெட்டுகளை ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் படித்து வெளியிடும் வரை, இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே ஊருக்குத் தெளிவாகத் தெரியாமல் இருந்தது. பெரிய பெயரைக்கூட மறந்துவிட்டோம், கல் மறக்கவில்லை.

அத்தையை மேற்குப் பக்கம், விமானத்துக்குப் பின்னால் இருக்கும் கருவூர்த் தேவர் சன்னிதிக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். நம் கரூரிலிருந்து வந்த சித்தர், இந்தக் கோயிலைப் பற்றித் திருவிசைப்பா பாடியவர். கொங்கிலிருந்து போகிறவர்கள் அங்கே ஒரு நிமிடம் நின்றால் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். கருவறைக்குப் போகப் படி ஏற வேண்டும், அங்கே மட்டும் யாராவது கை கொடுத்தால் போதும்.

கோபுர நிழல் தரையில் விழாது என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். விழும். சாயங்காலம் முற்றத்தில் அந்த நிழல் நீண்டு கிடப்பதை உங்கள் மகளே பார்ப்பாள். இல்லாத அதிசயத்தைச் சொல்லி இருக்கும் அதிசயத்தை மறைத்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். சுற்றிலும் வயல்வெளி, பக்கத்தில் கல் வெட்ட மலை கிடையாது. அத்தனை கருங்கல்லையும் தொலைவிலிருந்து கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள் என்பதைச் சொன்னாலே போதாதா? முன்னால் இருக்கிற பெரிய நந்தி இராஜராஜன் காலத்தது இல்லை, நாயக்கர் காலத்தது. கருவறையைச் சுற்றிய உள் நடையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்தவற்றை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொண்டு வந்தார். பாதுகாப்புக்காகப் பொதுமக்களை அங்கே விடுவதில்லை. அதை எதிர்பார்த்துப் போய் ஏமாற வேண்டாம்.

போகும் வழி ரயிலாக இருக்கட்டும். கோயம்புத்தூர்–மயிலாடுதுறை ஜன் சதாப்தி காலை ஏழு மணி வாக்கில் கோயம்புத்தூரில் புறப்படும், செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது. நீங்கள் திருப்பூரில் ஏறிக்கொள்ளலாம். நண்பகல் வாக்கில் தஞ்சாவூர். உட்கார்ந்து போகிற வண்டி என்பதால் அத்தைக்கு நடைபாதை ஓரத்து இருக்கை வாங்குங்கள், அவ்வப்போது எழுந்து காலை நீட்டிக்கொள்ள வசதி. நேரங்கள் மாறக்கூடும், முன்பதிவு செய்யும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். காரில் போனால் வீட்டுக்காரர் ஓட்டிக் களைத்துப்போவார், அவருக்கும் இது விடுமுறைதானே.

ரயிலில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நொய்யல் கரையோரமாகக் கரூருக்கும், அங்கிருந்து காவிரி வழியே சோழநாட்டுக்கும் போன பழைய வாணிக வழியை ஒட்டித்தான் ஏறக்குறைய இந்தப் பயணம் போகிறது. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையில் கொடுமணல் என்ற ஊரில் மணிக்கல் அறுத்து மணி கோத்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் வாழ்ந்திருக்கிறார்கள். பானை ஓட்டில் தங்கள் பெயரைத் தமிழ் எழுத்தில் கீறி வைத்தவர்கள் அவர்கள். அந்த ஊரை 1985 முதல் அகழ்ந்து காட்டியது தஞ்சாவூரில் இருக்கிற தமிழ்ப் பல்கலைக்கழகம். ஈரோடு தாண்டியதும் ரயில் போகும் திசையில் இடக்கைப் பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கொடுமுடி, புகளூர், கரூர், குளித்தலை என்று காவிரி கூடவே வரும். சில இடங்களில் தெரியும், சில இடங்களில் வாழைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். உங்கள் ஊர்ப்பக்கம் ஓடுகிற நொய்யல் கரூர் மாவட்டத்தில்தான் காவிரியில் கலக்கிறது. நாம் என்ன கலந்து அனுப்புகிறோமோ அதுவும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. சாயப்பட்டறைகளால் அந்த ஆறு பட்ட பாடு தறிக்காரக் குடும்பத்துக்குத் தெரியாததல்ல. அதையும் மகளிடம் பேசலாம்.

தஞ்சாவூரில் இறங்கியதும் அவசரப்பட வேண்டாம். ரயில் நிலையத்துக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் நடுவில் அறை எடுத்தால் கோயில், அரண்மனை இரண்டுக்கும் ஆட்டோ போதும். தரைத்தள அறையா, மின்தூக்கி இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, மூன்று மணிக்கு அரண்மனை.

அரண்மனை நாயக்கர் கட்டி மராட்டியர் விரித்தது. எல்லா மாடத்தையும் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. 1951இல் தொடங்கிய கலைக்கூடத்துக்கு மட்டும் நேரம் கொடுங்கள். அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ஒரு செப்புத்திருமேனி இருக்கிறது, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இடபத்தின் மேல் சாய்ந்து நிற்கும் சிவன். இடபம் இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் அந்த ஒயிலான நிற்பையும் காற்றில் தங்கியிருக்கும் கையையும் பார்த்தால் பக்கத்தில் மாடு நிற்பதாகவே தோன்றும். தலைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டியிருக்கும் அழகை அத்தைகூட ரசிப்பார். பக்கத்திலேயே அம்மையின் திருமேனி. உலகத்தில் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் இதற்கு மேல் ஒரு செப்புத்திருமேனியைப் பார்த்துவிட முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். அரை மணி நேரம் அந்த இரண்டின் முன்னால் மட்டும் நின்றால்கூட வீணில்லை. அதே வளாகத்தில் சரசுவதி மகால் நூலகம். இரண்டாம் சரபோஜி மன்னர் சேர்த்து வளர்த்த ஓலைச்சுவடிகளும் நூல்களும் கொண்டது. பார்வையாளர்களுக்கு ஒரு சிறு காட்சிக்கூடம் உண்டு. விடுமுறை நாளும் மதிய இடைவேளையும் இருக்கும், அதனால் அறை எடுத்த இடத்தில் முதலிலேயே விசாரியுங்கள்.

நாலரை, ஐந்துக்கெல்லாம் பெரிய கோயிலுக்கு வந்துவிடுங்கள். வெயில் இறங்க இறங்கக் கல்லின் நிறம் மாறுவதைப் பார்க்கத்தான் இந்த நேரம். முதலில் கல்வெட்டு, அப்புறம் கருவூரார், அப்புறம் தரிசனம். முடிந்ததும் உட்காருங்கள். உங்கள் வீட்டுக்காரரிடமும் மகளிடமும் சொல்லிவிட்டுத் தனியாகவே உட்காருங்கள். நடை சாத்தும் நேரம் வரை யாரும் உங்களை எழுப்பமாட்டார்கள்.

ஞாயிறு காலை தாராசுரம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், தஞ்சாவூரிலிருந்து 35 கிலோமீட்டர் வாக்கில். ஒரு வாடகைக் கார் பேசி மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடுங்கள், தஞ்சாவூருக்குத் திரும்பும் வேலையே வேண்டாம். இரண்டாம் இராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், பெரிய கோயிலைப் போல மலைக்க வைக்காது. குனிந்து, நெருங்கிப் பார்க்க வைக்கும். தேர் மாதிரி சக்கரமும் குதிரையும் வைத்த முன்மண்டபம். யானைக்கும் காளைக்கும் சேர்த்து ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பம். அதை மகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். கருவறையின் வெளிச்சுவரில் நாயன்மார்களின் கதைகளைச் சிறுசிறு கட்டங்களாகச் செதுக்கிப் பெயரும் எழுதியிருக்கிறார்கள். பெரியபுராணக் கதைகள் அத்தைக்குத் தெரிந்திருக்கும். அவர் சொல்லச் சொல்ல மகள் கட்டத்தைக் கண்டுபிடிக்கலாம். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பார்க்க இதற்கு மேல் ஒரு சுவர் எங்கே இருக்கிறது? கூட்டமும் பெரிய கோயில் அளவுக்கு இராது.

கங்கைகொண்ட சோழபுரத்தையும் சேர்த்துவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்பார். வேண்டாம். இன்னொரு முறை.

கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா கிடைத்தால் விடாதீர்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து வைப்பார்கள், நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைக்காதது. திருவையாற்று அசோகா அல்வாவும் பாசிப்பருப்புதான். பிற்பகல் மூன்றரை வாக்கில் அதே ஜன் சதாப்தி மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கு வரும். ஏறினால் ராத்திரி எட்டரை வாக்கில் திருப்பூர். திங்கட்கிழமை தறி ஓட்டத் தடை இருக்காது.

நாள் குறிப்பதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். பிரதோஷத்தன்று நந்திக்கு அபிஷேகம், அதுவும் சனிப் பிரதோஷமாக இருந்தால் முற்றத்தில் கால் வைக்க இடமிருக்காது. அத்தைக்கு அது பிடிக்கலாம், உங்களுக்கு அமைதி போய்விடும். ஐப்பசியில் இராஜராஜனின் சதய விழா, தை மாதத்தில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. அப்போது அறை கிடைப்பது கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மழை. பங்குனி, சித்திரையில் வெறுங்காலோடு கல் தரையில் நடக்க முடியாது, சாயங்காலமும் சூடு இறங்காது. மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை நல்லது. அத்தைக்கு ஒரு ஜோடி காலுறை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அத்தையின் மதுரை. அதைத் தள்ளிப்போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மாமாவோடு போன ஊருக்கு அவர் மறுபடி போக நினைப்பது சுற்றுலா ஆசை இல்லை, அதைக் கூட்டத்தில் அவசரமாக முடிக்கக் கூடாது. மகனும் அம்மாவும் மட்டும் ஒரு செவ்வாயோ புதனோ கிளம்பட்டும். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல் வழியாக ரயில் இருக்கிறது. சிங்காநல்லூரிலிருந்து பேருந்தும் அடிக்கடி உண்டு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், தைப்பூசத்துக்குப் பழனிச் சாலை முழுக்கப் பாதயாத்திரை, சித்திரையில் திருவிழா. இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வண்டிகள் நுழையாத சித்திரை வீதிகளில் முதியோருக்குப் பேட்டரி வண்டி ஓடுகிறது. கோபுரங்களைத் திருப்பணிச் சாரம் மூடியிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் அறையில் ஓய்வெடுத்துவிட்டு ராத்திரிப் பள்ளியறைப் பூஜைக்குப் போகட்டும். மறுநாள் நேரமிருந்தால் 12 கிலோமீட்டர் தள்ளி கீழடி அருங்காட்சியகம், 2023 மார்ச்சில் திறந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் முன்னால் அங்கே நூல் நூற்ற தக்களிகளும் நெசவுக்குப் பயன்பட்ட எலும்புக் கருவிகளும் வைத்திருக்கிறார்கள். தறிக்காரர் ஒருவர் அவற்றைப் பார்த்தால் யாரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது.

ரயிலுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும். சனி, ஞாயிறு இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், உங்களுக்கோ வருகிற மாதமே போக வேண்டும். இன்றைக்கே பாருங்கள். போவதற்குத் திருப்பூர்–தஞ்சாவூர், வருவதற்குக் கும்பகோணம்–திருப்பூர் என்று தனித்தனியாகப் போட வேண்டும். அந்த வாரம் இடம் இல்லையென்றால் தட்கலை நம்பி இருக்காமல் அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அத்தை நின்றுகொண்டு வரக் கூடாது.